முந்நூற்றுப் பதினெட்டுப் பெருவிரல்கள்

அத்தியாயம் ஒன்பது

சவரக்கடைக்காரரின் கண்ணாடியை உடைத்தவன் கல்லை எறியவில்லை. சிமென்ட் கட்டியை எறிந்திருந்தான். கடைக்குள் நுழைந்ததும் அளவுக்காரர் குனிந்து எடுத்தது அதைத்தான். சிமென்ட் பிளாக் வார்க்கிற பட்டறையில் அச்சைத் தூக்கும்போது உடைந்து விழுகிற மூலை. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. ஆக, எறிந்தவன் வெளியாள் இல்லை. நேற்று வரை இதே நாற்காலியில் கழுத்தை நீட்டியவன்.

அளவுக்காரர் இருபது வருடம் அரசாங்க நில அளவையில் சங்கிலி பிடித்தவர். பொய் அளவுக்குக் கையெழுத்துப் போட மறுத்ததால் வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து அடுத்தவர்களின் பொய்யை அளப்பதே பிழைப்பு. அவருக்கு உதவியாள் லோடு. பன்னிரண்டு வருடம் சிமென்ட் மூட்டை சுமந்து, முதுகு போன பிறகு, போன மாதம்தான் வாயை நம்பி இவரிடம் வந்து சேர்ந்தவன்.

"அண்ணே, இனிமே இந்தக் கடையில மூஞ்சி பாக்க முடியாது. எனக்கு அது நல்லதுதான்" என்றான் லோடு.

சவரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடிச் சில்லுகளைச் சவர நுரைக் கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம். துடைக்கவில்லை.

விஷயம் இதுதான். தெருவின் கோடியில் பதினெட்டு ஏக்கர் பொட்டல். அதில் ஒரு தகரப் பலகை பன்னிரண்டு வருடமாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது: 'இங்கு பிரசவ மருத்துவமனை அமையவுள்ளது.' அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இந்தத் தெருப் பெண்கள் ஆட்டோவிலும் லாரியிலும் பிள்ளை பெற்றார்கள். போன மாதம் அதே கம்பத்தில் வேறு பலகை அடித்தார்கள். புதிய சிறைச்சாலை, இரண்டாயிரம் கைதிகளுக்கு. நகரத்தில் வேறு ஏழு இடம் பார்த்தார்களாம். ஏழிலும் யாரோ ஒரு பெரிய மனிதரின் படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கமாகத் திறந்ததாம். இந்தத் தெருவில் ஜன்னல் வைத்த வீடே குறைவு.

தெரு கொதித்தது. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள், மறித்தார்கள், அடி வாங்கினார்கள். பட்டறைச் சுவர் முழுக்க ஆளுயரத்துக்கு எழுதினார்கள். ஆஸ்பத்திரி கேட்டு ஒரு வரி, தண்ணீர் கேட்டு ஒரு வரி, கடைசியாக எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு வரி: 'கைதிகளின் குடும்பம் எங்கள் தெருவுக்கு வேண்டாம்.' அந்த வரியை எழுதியவர் சவரக்கடைக்காரர். பெயின்ட் வாளியைப் பிடித்தவள் ஜல்லியக்கா.

நான்கு நாள் முன்பு நில அலுவலகம் ஒரு தாளை வாசலில் ஒட்டியது. சிறைச்சாலைக்கு முழுச் சம்மதம் என்று தெருவாசிகள் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்திருக்கிறார்களாம். ஒட்டிய தாளில் பெயர்கள் மட்டும். அப்பன் பெயர், வீட்டு எண் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. ஒருவரும் ரேகை வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும், நான் வைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருப்பான் என்று நினைத்தார்கள். அப்படி நினைக்க வைப்பதற்குத்தான் அந்தத் தாள்.

இன்று மூன்று மணிக்கு விசாரணை. சம்மதம் செல்லும் என்றால் ஆட்சேபங்கள் அத்தனையும் குப்பை. நாளைக் காலை மண் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும்.

தெருவிலிருக்கிற எல்லார் பெயரும், அப்பன் பெயரும் யாருக்குத் தெரியும்? எல்லார் தலையும் யார் கையில் குனிகிறதோ அவருக்கு. தெரு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"தினம் இருபது பேரு கழுத்துல கத்தி வைக்கிறேன். காட்டிக் கொடுக்கிறவனா இருந்தா அவ்வளவு கஷ்டப்பட்டுத் தெருவை விக்கணுமா நான்?" என்றார் சவரக்கடைக்காரர். அவர் மனைவி உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

வாசலில் ஜல்லியக்கா நின்றிருந்தாள். எதிர்ப்புக் குழுவின் தலைவி. கட்டடங்களில் ஜல்லி சுமப்பவள். முப்பது வருடமாக அதே வேலை. புருஷன் கொத்தனார், பதினாலு மாதமாக வெளிநாட்டில் வேலை. அளவுக்காரரைக் கூட்டி வந்ததே அவள்தான். சவரக்கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்து, நீயும் நம்புகிறாயா என்று கேட்டார்.

"பாக்கலாம்" என்றாள் ஜல்லியக்கா.

அளவுக்காரர் அந்த வார்த்தையைக் காதில் போட்டுக்கொண்டார்.

*

நில அலுவலகத்தின் ஆவண அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு மேஜை, நூறு சட்டம். ஆட்சேபம் கொடுத்தவர்தான் மூலச் சம்மதக் கடிதத்தைப் பார்க்கலாம். ஆட்சேபத்தில் முதல் பெயர் ஜல்லியக்காவுடையது; துணைக்கு இரண்டு பேர். பேனா கூடாது, போன் கூடாது, ஒரு மணி நேரம். எழுத்தர் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தான் பேசத் தொடங்கியபோதே அந்த ஒரு மணி நேரம் ஆரம்பித்துவிட்டது என்றும் சொன்னார்.

"சார், மேல இருக்கிற ஃபேன் சுத்துதா, இல்ல சுத்தறதுக்கு மனு போட்டிருக்கா?" என்று லோடு விசாரித்தான். எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். அதற்குள் அளவுக்காரர் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

பதினாலு பக்கம். பக்கத்துக்கு இருபத்து நாலு பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இடது பெருவிரல் ரேகை, கறுப்பு மையில். படிக்கத் தெரிந்தவனும் நில விவகாரத்தில் விரல்தான் வைக்க வேண்டும், கையெழுத்து செல்லாது. அது இந்த அலுவலகத்துச் சட்டம்.

பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரே விரலைப் பத்து தடவை வைத்து ஏமாற்றியிருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விரல். வளையம், சுழி, வளைவு, எல்லாம் சீப்பால் வாரிவிட்ட மாதிரி கோடு கோடாகத் தெரிந்தன. முந்நூற்றுப் பதினெட்டு விரல், முந்நூற்றுப் பதினெட்டு ஆள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. குறையே இல்லாத காகிதத்தை அவர் அரசாங்கத்தில் பார்த்ததில்லை.

சவரக்கடைக்காரர் ஏழாம் பக்கம், வரிசை எண் நூற்று அறுபத்து நாலு. அந்த ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக ஓடியது. கோட்டின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கால்கள், பூரானைப் போல. பழைய வெட்டு, தையல் போட்டது. அளவுக்காரர் அதை மனதில் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பக் கை நீட்டினார். திருப்ப முடியவில்லை. ஜல்லியக்காவின் விரல் அந்தப் பக்கத்தின் மேல் இருந்தது.

அவள் தண்ணீர் கேட்டாள். எழுத்தர், ஆவண அறையில் தண்ணீர் கூடாது என்றார். அவள் விரலை எடுத்தாள்.

வெளியே வந்து படியிறங்கும்போது, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"சவரக்கடைக்காரரு இல்ல."

எப்படித் தெரியும் என்று லோடு கேட்டான். தெரியும் என்றாள். அவர்களை விட்டு முன்னால் நடந்தாள்.

*

வாசல் காவலாளியிடமிருந்து லோடு தன் போனைத் திரும்ப வாங்கினான். பெருவிரலை வைத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்து வைத்தான். எச்சில் தொட்டு வைத்தான். மூன்றாவது தடவையும் மறுத்து, கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னது போன்.

"என் போனுக்கே என்னை யாருன்னு தெரியலண்ணே. பொண்ணு வீட்டுக்காரனுங்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்."

அளவுக்காரர் நடுவீதியில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். அவர் லோடுவின் கையைப் பிடித்துத் திருப்பி, பெருவிரலை வெயிலில் பார்த்தார். கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தது. பன்னிரண்டு வருடச் சிமென்ட் மூட்டை, ஒரு கோட்டை மிச்சம் வைக்கவில்லை.

"லோடு, பட்டறைக்கு நட."

பிளாக் பட்டறையின் வாசல் தூணில் ஒரு வருகைப் பதிவு இயந்திரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி மாட்டியது. விரல் வைத்தால்தான் அன்றைய ஆஜர். முதல் வாரம் முழுக்க அது ஒருவருக்கும் ஆஜர் போடவில்லை. அதன்படி பார்த்தால் ஆளே இல்லாத பட்டறையில் நாலாயிரம் பிளாக் தானாக உருவாகியிருந்தது. முதலாளி அதைக் கைவிட்டுப் பழையபடி ஆஜருக்குத் தகர வில்லை கொடுக்க ஆரம்பித்தார். இயந்திரத்தை இப்போது தண்ணீர் பாட்டில் மாட்டப் பயன்படுத்துகிறார்கள். உயிர் மட்டும் இருந்தது; கோடு தெரிகிற விரல் யாருடையதானாலும் ஏற்றுக்கொள்ளும்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்களை அளவுக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கலவை போடுகிறவர் விரலை வைத்தார். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது இயந்திரம், பெண் குரலில், மரியாதையாக. அச்சு தூக்குகிறவர், லாரியில் அடுக்குகிறவர், கல் உடைக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், சுண்ணாம்பு குழைக்கிற பெண். மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும். பெண்ணின் விரலில் சுண்ணாம்பு தின்ற ஓட்டை சிவப்பாக இருந்தது. அவள் வைத்துவிட்டு அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு மரியாதையா என்னை யாரும் இல்லேன்னு சொன்னதில்ல" என்றான் லோடு, தன் முறை வந்தபோது.

அளவுக்காரர் அவர்களுக்குச் சொன்னார். அந்தக் கடிதத்தில் ரேகைகள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. இந்தத் தெருவில் அப்படி விரல் வைக்கப் பத்துப் பேர் தேறினால் அதிகம். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் திருடத் தெரிந்தவனுக்கு இந்தக் கைகளைத் தெரியவில்லை. வேலை செய்கிற கையை அவன் வாழ்நாளில் தொட்டிருக்கவே மாட்டான்.

ஒரு கணம் எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அப்போது கல் உடைக்கும் அண்ணன்காரன் எழுந்தான். அப்படியென்றால் சவரக்கடைக்காரனைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள் என்றான். கூப்பிட்டார்கள். அவர் வந்து, துணி சுற்றிய விரலை விட்டுவிட்டு, இடது பெருவிரலை வைத்தார்.

'நன்றி' என்றது இயந்திரம்.

 இரண்டு பேர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து அவரை நோக்கி நடந்தார்கள். ஜல்லியக்கா நடுவில் போய் நின்றாள்.

"இவரு மேல கை வைக்கிறவன் முதல்ல என் மேல வைக்கணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. முப்பது வருடம் ஜல்லிக் கூடையைத் தலையில் வைத்த கழுத்து, அது அசையவும் இல்லை. இரண்டு பேரும் நின்றார்கள்.

*

உடைந்த கண்ணாடிக் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் உட்கார்ந்தபோது மணி ஒன்றே கால். அளவுக்காரர் சவரக்கடைக்காரரின் பெருவிரலைப் பார்த்தார். வெட்டுமில்லை, தையலுமில்லை.

"முடிஞ்சது. அந்தப் பூரான் தழும்பு இவருது இல்ல. போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றான் லோடு.

எங்கே முடிந்தது, என்றார் அளவுக்காரர். கத்தி பிடிக்கிறவன் விரலில் வெட்டு வருவதும் ஆறுவதும் சகஜம் என்று எதிர் வக்கீல் சொல்வார். விரல்களை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அதிகாரி சொல்வார். அறிக்கை வர மூன்று மாதம். அஸ்திவாரம் போட மூன்று வாரம். அறிக்கை வரும்போது அதைச் சிறைச்சாலைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிறகு அவர் தலைமுடிக்குப் பூசும் கறுப்புச் சாயம் கேட்டார். ஒரு பழைய தாளை விரித்து, லோடுவின் விரலில் சாயம் தடவி அழுத்தினார். முட்டை வடிவத்தில் ஒரு கறை விழுந்தது. அடுத்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை உருட்டினார். சதுரமாக, தபால் தலை மாதிரி விழுந்தது.

"கடிதத்துல எல்லாம் இந்த மாதிரிதான் இருந்தது. சதுரம். எந்த ஆபீஸ்லயும் நம்ம விரலை அழுத்துவான். உருட்ட மாட்டான். யாரு உருட்டுவா?"

லோடு தன் கறுத்த விரலையே பார்த்தான். முதல் தடவையாக அவனிடம் நகைச்சுவை தயாராக இல்லை. கிடங்கில் வேலைநிறுத்தம் செய்த வருடம் போலீஸ் தன்னைப் பிடித்துப்போனதைச் சொன்னான்.

"பென்சில் சீவற மாதிரி உருட்டினாங்கண்ணே. பத்து விரலையும். அது முடிஞ்சுதான் அடிச்சாங்க. ரேகை கெட்டுடக் கூடாதில்ல."

"உருட்டிப் பழகின கை. அந்தக் கையால அழுத்தி வைக்க முடியாது, பழக்கம் விடாது. ஆளு யாருன்னு தெரியல, ஆனா இடம் தெரியுது. முந்நூத்துப் பதினெட்டு பேரு ஒரே இடத்துல. வரிசையில நில்லுன்னா நிப்பான். எதுக்குன்னு கேக்க மாட்டான். வெளிய வந்து யார்கிட்டயும் சொல்லவும் முடியாது. அப்படி இடம் எத்தனை இருக்கு?"

 பழைய ஜெயில், என்றார் சவரக்கடைக்காரர். புது ஜெயிலுக்குப் பழைய ஜெயிலே சம்மதம் கொடுத்திருக்கிறது.

ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இந்த விரல் இன்னாருடையது, இன்னார் அன்றைக்கு உள்ளே இருந்தான் என்று பெயர் சொல்ல ஒரே ஒரு ஆள். அளவுக்காரர் சவரக்கடைக்காரரை உள்ளே போய் அவர் மனைவியின் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். லோடுவை வாசலில் நிற்கச் சொன்னார். அவன் வாசலில் நின்றான், காதை மட்டும் உள்ளே விட்டுவிட்டு.

"காலையில உங்களைச் சவரக்கடைக்காரரு கேட்டாரு. 'பாக்கலாம்'னு சொன்னீங்க. பதினொரு மணிக்கு 'அவரு இல்ல'ன்னு சொன்னீங்க. நடுவுல நீங்க பாத்தது ஒரே ஒரு பக்கம். அதுல அவரு பேருதான் இருந்தது. பேரைப் பாத்தா சந்தேகம் கூடணும்மா. உங்களுக்குப் போயிடுச்சு."

ஜல்லியக்கா சவர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் பலகை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பிரித்து மடியில் வைத்தாள். கொடுக்கவில்லை.

கொத்தனார் வெளிநாட்டில் இல்லை. இந்த ஊரிலேயே, பஸ்ஸில் முக்கால் மணி நேர தூரத்தில் இருந்தார். ஒரு கட்டடத்தில் சுவர் இடிந்து இரண்டு பேர் செத்தார்கள். கம்பியைக் குறைக்கச் சொன்ன இன்ஜினியர் மறுநாள் வேறு கட்டடத்துக்குப் போனார். செங்கல் வைத்தவரை உள்ளே போட்டார்கள். பதினாலு மாதம். வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. ஒவ்வொரு மாதமும் தேதி தள்ளிப்போகிறது. மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சீட்டில் கைதியின் இடது பெருவிரலை உருட்டி, முத்திரை குத்தி, பாதியைக் கிழித்துக் கொடுப்பார்கள்.

கல் அறுக்கிற சக்கரம் எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் விரலைக் கிழித்தது. ஏழு தையல். அப்போது ஒரு மாதம் அவள்தான் கட்டு மாற்றிவிட்டாள். பூரானை அவளுக்குத் தெரியாதா.

"போன தடவை பாத்தப்ப சொன்னாரு. கம்பளி குடுக்கிற பதிவேடுன்னு சொல்லி எல்லார் விரலையும் வாங்கினாங்களாம். கம்பளி இன்னும் வரலயாம். நீ வந்தா கேட்டுப் பாரு, குளிருதுன்னாரு."

 அளவுக்காரருக்கு இன்னொன்றும் இப்போது புரிந்தது. கொத்தனாருக்கும் ஒரு காலத்தில் லோடு மாதிரி விரல்தான் இருந்திருக்கும். வேலையை விட்டால் மூன்று நாலு மாதத்தில் தோல் திரும்ப வளரும், கோடு திரும்ப வரும். பதினாலு மாதம் சும்மா உட்காரவைத்து அவர் கைக்கு ரேகை வளர்த்திருக்கிறார்கள். அதை வைத்து அவர் தெருவிலேயே சிறை கட்டச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

"நான் சொல்லாம இதை முடிக்க முடியாதாய்யா?"

"முடியும்னா உங்ககிட்ட கேட்டே இருக்க மாட்டேன்."

"அந்தச் சுவத்துல எழுதினப்ப வாளியைப் பிடிச்சது நான். பிடிக்கலேன்னா ஏன் பிடிக்கலன்னு கேப்பாங்க. அதுக்காகப் பிடிச்சேன். கைதி குடும்பம் வேணாம்னு நாந்தான் முதல்ல கத்தினேன், மத்தவங்க பின்னால கத்தினாங்க. நாளைக்கு என்னை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? எந்த வீட்டுல எனக்குத் தண்ணி குடுப்பாங்க?"

  உள்ளே மூட்டை பிரிபடும் சத்தம் கேட்கவில்லை. சவரக்கடைக்காரரின் மனைவி, கண்ணாடியை உடைத்தவர்கள் நாளைக்கு வீட்டை உடைப்பார்கள் என்று அழுதுகொண்டே சொல்வது மட்டும் கேட்டது. ஜல்லியக்கா அதைக் கேட்டாள். பிறகு சீட்டைத் திரும்பவும் நாலாக மடித்தாள்.

*

விசாரணைக் கூடத்தில் முன் வரிசை நாற்காலிகளுக்கு மெத்தை இருந்தது. அதில் சிறைச்சாலை கட்டும் ஒப்பந்தக்காரரும் அவருடைய வக்கீலும் இருந்தார்கள். தெரு பின்னால் நின்றது. அதிகாரி ஒரு பெண்மணி. கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

அளவுக்காரர் விரல்கள் மழுங்கிய கதையைச் சொன்னார். அதிகாரி கவனித்தார். வக்கீல் எழுந்து, சுவாரசியமான கற்பனை என்றார். நூற்று அறுபத்து நாலாம் எண்காரர் சவரத் தொழிலாளி, இயந்திரமே அவர் விரலுக்கு நன்றி சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்றார். பட்டறையில் யாரோ அவருக்கு உளவு சொல்லியிருந்தார்கள். வெட்டுக்காயம் பற்றிக் கேட்டபோது, சவரத் தொழிலாளிக்கு வெட்டு வராமல் பல் டாக்டருக்கா வரும் என்றார். மெத்தை நாற்காலிகள் சிரித்தன. பின்னாலிருந்து ஒரு குரல் சவரக்கடைக்காரரைக் கெட்ட வார்த்தையால் அழைத்தது.

அதிகாரி, ரேகைகளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதுவரை வேலையைத் தடுக்கத் தனக்கு முகாந்திரம் இல்லை என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

"மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே ஜல்லியக்கா நடந்துபோனாள். சீட்டை மேஜையில் விரித்து, கடிதத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது என் வீட்டுக்காரர் விரல். ரெண்டும். இது போன மாசம் ஜெயில்ல நான் மனுப் பாத்த சீட்டு. அவங்க முத்திரை, அவங்க தேதி. என் புருஷன் அங்க கைதி. பதினாலு மாசமா. அவரு விரலைத்தான் எங்க சவரக்கடைக்காரரு பேருக்கு நேரா உருட்டி வச்சிருக்காங்க."

 பின்னால் யாரோ, வெளிநாடு என்று சொன்னாளே என்று முணுமுணுத்தார்கள். வேறு யாரோ வாயை மூடு என்றார்கள். சவரக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரில் தான் எழுதிய வரி அவர் முகம் முழுக்க இருந்தது.

அதிகாரி இரண்டு பூரான்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு கால், ஏழு கால். வக்கீல், தற்செயலாக இருக்கலாம் என்று ஆரம்பித்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். ஒப்பந்தக்காரரை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார். பழைய சிறைச்சாலையின் ரேகைப் பதிவேட்டையும் அதை உருட்டும் எழுத்தரையும் இன்று ஐந்து மணிக்குள் கொண்டுவர ஆள் அனுப்பினார். அது வரும்வரை பொட்டலில் ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது என்று உதவியாளரிடம் எழுதச் சொன்னார். ஒப்பந்தக்காரர் கைக்குட்டையை எடுத்துப் பெருவிரலைத் துடைத்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"கம்பளியையும் எழுதிக்கச் சொல்லுங்கண்ணே, அங்க குளிருதாம்" என்றான் லோடு, அளவுக்காரரின் காதில். 

வாக்குமூலத்தை எழுதி முடித்து மேஜையில் திருப்பி வைத்தார்கள். நில விவகாரம், கையெழுத்து செல்லாது. ஜல்லியக்கா மைப் பெட்டியில் பெருவிரலை ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள். விழுந்தது ஒரு கறுப்பு வட்டம். அதில் ஒரு கோடு கூட இல்லை.

உதவியாளர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ரேகை விழவில்லை, மறுபடியும் வைக்க வேண்டும் என்றார். வைத்தாள். மறுபடியும் கறுப்பு வட்டம். மூன்றாவது தடவையும் கேட்டார்.

ஜல்லியக்கா உதவியாளரைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தாள்.

"இதுல ரேகை வரணும்னா என்னையும் பதினாலு மாசம் உள்ள வைக்கணும் மேடம்."

அதிகாரி உதவியாளர் கையிலிருந்து தாளை வாங்கினார். அந்த மழுங்கிய வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதன் கீழே, 'ரேகை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.